இரவல் வியோலா

வியோலா வாசிக்கிறவர்களுக்கு, வாசிக்கிற நேரத்தைவிடக் கையில் இருப்பது என்ன என்று விளங்கப்படுத்துகிற நேரம்தான் கூட. வயலினைவிடக் கொஞ்சம் பெரிது, சத்தம் கொஞ்சம் கீழே, தந்தி நான்கு, வில்லும் உண்டு, இல்லை, இது வயலின் இல்லை. இந்த ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகிவிட்டால் பாதி வியோலாக்காரர் ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். கோப்பாயில் இருந்துகொண்டு மூன்று வருடம் இதைச் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை அப்போது யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே வியோலாக்காரர் என்று நான் ஒருத்திதான்.

தொழில் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிப்பது. மாலையிலும் திருவிழாக் காலத்திலும் பக்கவாத்தியம், வயலின். பக்கவாத்தியக்காரர் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். நான் வழக்கமாக வாசிப்பது நல்லதம்பி ஐயா என்ற பாடகருக்கு. ஒரு கட்டைச் சுருதி. மாரி காலத்தில் தொண்டை கட்டினால் அதற்கும் கீழே போவார். அவருக்காக என் வயலின் தந்திகளைத் தளர்த்தித் தளர்த்தி, கடைசியில் அவை உடுப்புக் காயப்போடுகிற கொடி மாதிரித் தொங்கும். கீழே இறங்கி வாசிக்க வேறு ஏதாவது வாத்தியம் உண்டா என்று போனில் தேடியபோதுதான், உலகத்து வியோலாக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருப்பதும், வியோலா இல்லாத ஊர்களுக்கு அவர்கள் மூன்று வருடம் வியோலா இரவல் கொடுப்பதும் தெரியவந்தது. படிவத்தில் "உங்கள் பகுதியில் எத்தனை வியோலாக்காரர்கள்?" என்று ஒரு கேள்வி. பூச்சியம் என்று எழுதினேன். நாலு மாதத்தில் வியோலா வந்து சேர்ந்தது.

மற்றவை

வந்து சேர்ந்தது என்று லேசாகச் சொல்லிவிட்டேன். பொதி வந்திருக்கிறது, ஆள் வந்து கையெழுத்துப் போட்டு எடுக்கவும் என்று துண்டு வந்தது. போனேன். தபால் கந்தோரில் இருந்தவர் நல்ல மனிதர், என்னிடம் படித்த பிள்ளையின் தகப்பன். பெட்டியை மேசையில் வைத்து அளந்து பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்டார். சொன்னேன். அவருடைய பட்டியலில் வயலின் இருந்தது, கித்தார் இருந்தது, மிருதங்கம்கூட இருந்தது. வியோலா இல்லை. பட்டியலின் அடியில் "மற்றவை" என்று ஓர் இடம் இருந்தது.

ஐந்து விஷயத்தையும் ஒரே மூச்சில் முதல் தடவையாகச் சொன்னது அவருக்குத்தான். அவர் பொறுமையாகக் கேட்டார், பின்னால் நின்ற வரிசையும் கேட்டது. பிறகு பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், வயலின் எண்டு எழுதினா நீங்கள் இப்பவே கொண்டு போகலாம், மற்றவை எண்டு எழுதினா உது என்ன எண்டு நான் மேலிடத்துக்கு விளக்கம் எழுதோணும். எனக்கே இன்னும் விளங்கேல்லை."

வீட்டில் நாய் உண்டா?

இரவல் வியோலாவுக்கு வருடத்தில் இரண்டு தரம் சுகநல அறிக்கை அனுப்பவேண்டும். முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, தலை என்று படம் எடுத்து, நாலு தந்தியின் சத்தத்தையும் பதிந்து அனுப்பினால் இரவல் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கும் இங்க்ரிட் என்ற அம்மா பார்த்துப் பதில் போடுவார். நோர்வேக்காரி. எழுத்தில் அவ்வளவு மரியாதை, ஆனால் ஒன்றையும் விடமாட்டார்.

முதலாவது அறிக்கைக்கே மூன்று கேள்வி வந்தது. மேல் இரண்டு தந்திகளும் ஏன் சுருதி இறங்கியிருக்கின்றன, முறுக்காணிகள் வழுக்குகின்றனவா? விரல் பலகை ஏன் மினுங்குகிறது? முதல் இரண்டுக்கும் நான் பதில் எழுதுவதற்குள் முறுக்காணிக்குப் பூசுகிற பசை ஒரு சின்ன டப்பாவில் தபாலில் வந்துவிட்டது. எங்கள் முறைப்படி ச-ப-ச-ப என்று சேர்த்திருக்கிறேன், தந்தி தானாக இறங்கவில்லை, நான்தான் இறக்கினேன் என்று எழுதினேன். மினுக்கம் தேங்காய் எண்ணெய். கமகத்துக்கு விரல் வழுக்கிப் போகவேண்டும் என்பதற்காக ஒரு பொட்டுத் தொட்டுக்கொள்வது என்றும் எழுதினேன். ஒப்பந்தத்தில் எண்ணெய் படக்கூடாது என்று ஒரு வரி இருந்ததாம். அதை நான் கவனிக்கவில்லை.

மூன்றாவது கேள்விக்குத்தான் எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நாங்கள் நிலத்தில் சப்பாணி கொட்டி இருந்து, வாத்தியத்தின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறவர்கள். ஆறு மாதத்தில் தலையின் பூச்சு கொஞ்சம் தேய்ந்திருந்தது. தாடையில் வைத்து வாசிக்கிற நாட்டில் அந்த இடம் தேய வழியே இல்லை. இங்க்ரிட் அம்மா தன் அறிவுக்கு எட்டியவரை யோசித்து ஒரு காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

"தவறாக நினைக்கவேண்டாம், உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா, அது இளம் நாயா?"

முழங்கால்

நாய் இல்லை, கணுக்கால் என்று பதில் போட்டதும் சங்கத்தில் ஒரு பரபரப்பு. மாதம் ஒரு தரம் கணினியில் கூடுவார்கள். அடுத்த கூட்டத்தில் என்னை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். நான் பாயில் இருந்து வாசித்தேன். திரையில் பதினைந்து இருபது முகம், எல்லாம் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. ராகத்தை யாராவது கேட்டார்களா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

அதற்குக் காரணம் இருந்தது. வியோலாவுக்கு இன்ன அளவு என்று ஒரு அளவு உலகத்தில் இல்லையாம். வயலின் என்றால் வயலின், எங்கும் ஒரே நீளம். வியோலா பதினைந்து அங்குலமும் உண்டு, பதினேழும் உண்டு. பெரிதாக இருந்தால் சத்தம் நல்லது, தோள் போய்விடும். சிறிதாக இருந்தால் தோள் நல்லது, சத்தம் போய்விடும். ஆளுக்கு ஆள் தோள் நோ, கழுத்து நோ. இரண்டு வியோலாக்காரர் சந்தித்தால் முதல் கேள்வியே "உங்களுடையது எத்தனை அங்குலம்?" என்பதுதான். என்னுடையது பதினாறரை. எனக்கு நோவே இல்லை, பாரத்தைக் கால்தான் தாங்குகிறது என்று சொன்னதும் ஏழெட்டுப் பேர் கதிரையைத் தள்ளிவிட்டு நிலத்தில் இருந்து பார்த்தார்கள். திரையில் வெறும் கதிரைகள்தான் தெரிந்தன. இரண்டு நிமிடத்தில் மற்றவர்கள் எழும்பி வந்துவிட்டார்கள். ஒரு கதிரை மட்டும் வெறுமையாகவே இருந்தது. கூட்டத்தில் வயதில் மூத்தவரின் குரல் எங்கோ கீழிருந்து வந்தது.

"வாத்தியம் அற்புதமாக உட்கார்ந்திருக்கிறது, என்னை எழுப்ப யாராவது என் மனைவிக்கு அழைப்பு எடுங்கள்."

பகிடி

வியோலாக்காரர்களுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. தங்களைத் தாங்களே பகிடி பண்ணுவது. சங்கத்தின் மாத இதழில் அதற்கென்று ஒரு பக்கமே இருக்கிறது. அவர்களுடைய வாத்தியக் குழுக்களில் வயலின் முன்னுக்கு இருந்து பேர் வாங்கும், பெரிய வாத்தியங்கள் அடியில் இருந்து தாங்கும், வியோலா நடுவில் இருக்கும். நடுவில் இருப்பதை ஒருவரும் கவனிப்பதில்லை. ஆகவே மற்றவர்கள் சிரிக்க முன்னம் தாங்களே சிரித்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். இரண்டாம் வயலின், கடம், முகர்சிங் வாசிக்கிறவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள்.

நான் அதில் ஒன்றை மொழிபெயர்த்து ஆசிரியர் அறையில் சொன்னேன். "இரண்டு வியோலாக்காரர் ஒரே சுரத்தைச் சரியாக வாசித்துவிட்டால் சங்கம் என்ன செய்யும்? அவசரக் கூட்டம் கூட்டி யார் காரணம் என்று விசாரிக்கும்." சொல்லிப் பார்க்க ஒரு காரணம் இருந்தது: யாழ்ப்பாணத்தில் வியோலாக்காரரை ஒருவரும் பகிடி பண்ணமாட்டார்களா என்று இங்க்ரிட் அம்மா ஆசையோடு கேட்டிருந்தார். பகிடி பண்ணுவதற்கு அப்படி ஒன்று இருப்பதே இங்கே தெரியாதே என்று எப்படி எழுதுவது? அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கணக்குப் படிப்பிக்கும் சற்குணம் சேர் மாத்திரம் கொப்பியை மூடிவைத்துவிட்டு யோசித்தார்.

"உதிலை பகிடி எங்கை ரீச்சர், ரெண்டு பேர் வாசிச்சுச் சரி வந்தா என்னெண்டு வந்தது எண்டு விசாரிக்கத்தானே வேணும்."

பல் வைத்தியர்

சங்கத்தின் விலாசப் புத்தகத்தில் என் பெயர் ஏறியிருந்தது. அதற்கு ஓர் எழுதாத சட்டம் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. வியோலாக்காரர் ஒருவர் பயணம் போகிற ஊரில் இன்னொரு வியோலாக்காரர் இருந்தால் போய்க் கதவைத் தட்டலாம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒழுங்கை முனையில் ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவர் ஜப்பானியர், பல் வைத்தியராம், முதுகில் வியோலாப் பெட்டி. அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவர் குனிந்து வணங்கிவிட்டு, "எத்தனை அங்குலம்?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் சேர்ந்து வாசிப்பது என்று முடிவானது. என் தந்திகள் ச-ப-ச-ப. அவருடையவை வேறு முறை. அவருக்காக நான் இரண்டு தந்தியை ஏற்றினேன். அதே நேரம் எனக்காக அவர் இரண்டு தந்தியை இறக்கிவிட்டார். திரும்ப அவர் ஏற்ற, நான் இறக்கினேன். மரியாதைக்காரர் இரண்டு பேர் ஒரு வாசலில் சந்தித்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அவரும் பாயில் இருந்தார். கணுக்காலில் வைக்கத் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். நீட்டி ஒரு ஷட்ஜம் மட்டும் இருவரும் பிடித்தோம். என் வாழ்க்கையில் என் பக்கத்தில் இன்னொரு வியோலா சத்தம் போட்டது அன்றைக்குத்தான். நெஞ்சுக்குள் ஏதோ அதிர்ந்தது. அப்போது தெரியாது, அந்தச் சத்தம் எனக்கு இன்னும் வேண்டியிருக்கும் என்று.

ஓட்டோக்காரர் வாசற்படியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொடுக்கப் போனபோது மெல்லக் கேட்டார்.

"அக்கா, உவர் வந்து ஒரு மணித்தியாலமாச் சுருதிதான் சேர்க்கிறியள், பாட்டு எத்தினை மணிக்குத் துவங்கும்?"

பதினோராம் பிரிவு

ஒப்பந்தம் பதினாலு பக்கம். நான் கையெழுத்துப் போடுகிற பக்கத்தை மட்டும் வாசித்தேன். நீங்களும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும், ஆகவே கொஞ்சம் இரக்கத்தோடு கேளுங்கள். மூன்றாம் வருடம் பாதி போனபோது இங்க்ரிட் அம்மாவிடமிருந்து ஒரு கடிதம். இரவல் காலம் முடியப்போகிறது. அந்த ஊரில் குறைந்தது இரண்டு பேர் வியோலா வாசித்தால் மட்டும் வாத்தியம் அங்கேயே இன்னும் மூன்று வருடம் இருக்கும். இல்லையென்றால் அடுத்த நாட்டுக்குப் போகும். பதினோராம் பிரிவில் தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது.

எனக்கு அது ஏன் இடி விழுந்த மாதிரி இருந்தது என்று சொல்லவேண்டும். சின்ன வயதில் நான் பாட ஆசைப்பட்டவள். என் குரல் கட்டைக் குரல். பாட்டுப் போட்டிக்குப் பேர் கொடுத்த அன்று, "பிள்ளைக்கு ஞானம் இருக்கு, குரல்தான் ஆம்பிளைக் குரல், வயலினிலை விடுங்கோ" என்று போட்டி நடத்தியவர்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். வயலின் நன்றாகத்தான் வாசித்தேன், ஆனால் அதன் குரல் என் குரல் இல்லை. வியோலாவில் முதல் நாள் கீழ்த் தந்தியைத் தொட்டபோது, இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு என் தொண்டை எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது அந்தத் தொண்டை போகப்போகிறது.

ஒருத்தியே வாசித்தால் என்ன குறை என்று கேட்டு எழுதினேன், கொஞ்சம் கோபமாகவே. மறுநாள் பதில் வந்தது.

"குறை ஒன்றும் இல்லை, ஆனால் நாங்கள் சங்கம், ஒருவரோடு சங்கம் வைக்க இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை."

ஆள் தேவை

பிறகென்ன, ஆள் பிடிக்கக் கிளம்பினேன். முதலில் உடுப்பிட்டியில் வயலின் படிப்பிக்கிற சிநேகிதி வதனி. பஸ்ஸில் வியோலாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவள் இரண்டு கீர்த்தனை வாசித்துப் பார்த்துவிட்டு, நல்லாய்த்தான் இருக்கிறது, ஆனால் அடுத்த மாதம் தனக்கு மூன்று கச்சேரி, கையைக் குழப்பிக்கொள்ள ஏலாது என்றாள். அது நியாயம்.

அடுத்தது எங்கள் ஊர் மெதடிஸ்த சபையில் வயலின் வாசிக்கிற எமிலி அக்கா. மேற்கத்திய முறை முழுக்கத் தெரிந்தவர், அவர் சரி என்றால் என் கவலை தீர்ந்தது. வியோலாவையும் இங்க்ரிட் அம்மா அனுப்பிய இசைத்தாள் ஒன்றையும் கொடுத்தேன். வியோலாவுக்கு எழுதுகிற தாளில் ஐந்து கோட்டில் சுரங்களின் இடமே வேறு, அதைக் காட்டத் தொடக்கத்தில் ஒரு தனிக் குறியீடு இருக்கும். அந்தக் குறியீட்டை வியோலாக்காரர் தவிர உலகத்தில் அநேகமாக ஒருவரும் பாவிப்பதில்லை. எமிலி அக்காவின் கண் அந்தக் குறியீட்டைப் பார்த்தது, விரல் வயலின் பழக்கத்தில் போனது. கிறிஸ்மஸ் கீதம் ஒன்று, பாவம், எங்கேயோ புறப்பட்டு எங்கேயோ போய்ச் சேர்ந்தது. ஒரு கிழமை முயன்றார். பிறகு தாளையும் வியோலாவையும் திருப்பிக் கொண்டுவந்து தந்தார்.

"எனக்கு அறுபத்திரெண்டு வயசு, தங்கச்சி, ஆனா எழுத்துத் தெரியாத பிள்ளை மாதிரி நிக்க இன்னும் வெக்கமாக் கிடக்கு."

மொத்த விரல்

மயிலிட்டியில் மாதா கோயில் பாடகர் குழுவில் ஒருவர் வயலின் வாசிக்கிறார் என்று சொன்னதும் வதனிதான். நல்ல மனிதர், சுருதி மட்டும் சேராது என்றாள். நானும் என்ரை மனுசனும் மோட்டார் சைக்கிளில் போனோம். துறைமுகத்தில் படகு ஒன்றின் இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். பெயர் மரியதாஸ், என் வயதுதான் இருக்கும், படகு இயந்திரம் திருத்துகிறவர். கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு வந்தார். அந்தக் கையைக் கண்டதும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒவ்வொரு விரலும் அவ்வளவு மொத்தம், கதலி வாழைப்பழம் அளவில் இருந்தது.

நான் கேட்க முன்னம் அவரே சொன்னார். "என்ரை விரலுக்கு வயலின் காணாது ரீச்சர். ரெண்டு சுரம் கிட்டக்கிட்ட வந்தா ஒரு விரலை எடுத்தாத்தான் மற்ற விரலுக்கு இடம். பங்குச் சுவாமி என்னைக் கடைசி வரிசையிலை விட்டிருக்கிறார், மைக்குக்குத் தூரமா." அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருபது வருடம் கடைசி வரிசையில் நின்றிருக்கிறார், ஒரு நாளும் விடவில்லை.

வியோலாவைக் கொடுத்தேன். தாடையில் வைத்து, தயங்கித் தயங்கி ஒரு மாதா பாட்டைத் தொடங்கினார். வியோலாவில் சுரத்துக்குச் சுரம் இடைவெளி கூட. அவருடைய விரல்கள் ஒன்றையொன்று இடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் போய் இருந்தன. நான் காதைத் தீட்டிக்கொண்டு பிழை தேடினேன். இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையை நிமிர்த்தினார்கள். பாட்டின் நடுவில் அவர் நிறுத்திவிட்டார். இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப பிழை என்ரை விரலிலை இல்லையோ, ரீச்சர்?"

மூன்று தலை

இரண்டாவது ஆளாக நிற்கச் சம்மதித்து, மரியதாஸ் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய, பஸ் எடுத்துக் கோப்பாய்க்கு வந்தார். ஒரு வியோலா, இரண்டு பேர். அவர் கதிரையில் இருந்து தாடையில் வைத்து ஒரு மணித்தியாலம், நான் பாயில் ஒரு மணித்தியாலம். அவருக்கு ஒரு முறை, எனக்கு ஒரு முறை. தந்தியை ஏற்றி இறக்குவதற்கு நடுவில் கால் மணித்தியாலம். அந்தக் கால் மணித்தியாலத்தில் படகு இயந்திரம் பற்றி நான் நிறைய அறிந்துகொண்டேன். காது வைத்தே எந்தத் துண்டு பழுது என்று சொல்லுவாராம். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு இருபது வருடம் தன் வயலினைக் கேட்டிருக்கிறார், பாவம்.

இரண்டு பேரும் உண்மையில் வாசிக்கிறோமா என்று பார்க்கச் சங்கம் வைத்த பரீட்சை கணினித் திரையில். இங்க்ரிட் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும், மூன்று நாட்டிலிருந்து மூன்று தலை. முதலில் மரியதாஸ். வெள்ளைச் சேட்டுப் போட்டு, கையை மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவியிருந்தார், ஆனாலும் விரல் இடுக்கில் கறுப்பு இருந்தது. மாதா பாட்டையும் அவர்கள் அனுப்பிய சின்ன உருப்படி ஒன்றையும் வாசித்தார். மூன்று தலையும் அசையவில்லை. வாசித்து முடிந்ததும் அவர்களில் ஒருவர், அன்று நிலத்தில் இருந்து எழும்ப முடியாமல் போன அந்த மூத்தவர், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தந்தியை இறக்கி நான் ஆலாபனை செய்தேன். விரலுக்கு எண்ணெய் தொட்டதை மறைக்கவில்லை. இங்க்ரிட் அம்மா கமராவுக்குக் கிட்ட வந்து விரல் பலகையை உற்றுப் பார்த்தார், முதல் தடவையாக அவர் சிரித்ததைக் கண்டேன்.

"ஒருவரிடம் தேங்காய் எண்ணெய், மற்றவரிடம் இயந்திர எண்ணெய், இந்த வியோலாவுக்கு வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு சாப்பாடு கிடைக்காது. அங்கேயே இருக்கட்டும்."

ஒரு கோடு

சந்தோஷத்தில் அன்று பாயாசம் காய்ச்சினேன். மறுநாள் புதிய படிவம் வந்தது. பதினாலு பக்கத்தையும் இந்தத் தடவை வாசித்தேன். "அடுத்த மூன்று வருடத்துக்கு வாத்தியத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர்" என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு. ஒரே ஒரு பெயருக்கு இடம். இப்போது வைத்திருப்பவரே நிரப்பவேண்டுமாம், சங்கம் தலையிடாதாம்.

உங்கள் பெயரை எழுதாமல் வேறு என்ன எழுதுவீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் கை போகவில்லை, நாலு நாள் படிவம் மேசையில் கிடந்தது. நல்லதம்பி ஐயா போன் எடுத்து, "திருவிழா வருகுது பிள்ளை, உன்ரை வியோலா இருந்தாத்தான் எனக்குத் தொண்டை திறக்கும்" என்றார். என்ரை மனுசன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "இஞ்சேரும், ஊரெல்லாம் அலைஞ்சு ஆள் பிடிச்சது நீர். உம்மடை பேரை எழுதிப்போட்டு நிம்மதியாப் படும். அந்த மனுசன் ஒண்டும் கேக்கேல்லையே." அது உண்மை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. படிவத்தைப் பற்றியே அவருக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் மரியதாஸே போன் எடுத்தார். பின்னால் இயந்திரம் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. "ரீச்சர், உங்கடை வியோலா இனி உங்களோடை நிக்குந்தானே? அது தெரிஞ்சாச் சரி. அதுக்காகத்தானே வந்தனான்." இனி என்ன வாசிப்பீர்கள் என்று கேட்டேன். "திரும்ப வயலின்தான். பிழையாத்தான் வரும். ஆனா இப்ப ஏன் பிழைக்குது எண்டு எனக்குத் தெரியும், அதால இப்ப மனம் நோகாது." சொல்லிவிட்டு, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அந்தக் கோட்டின்மேல், இங்க்ரிட் அம்மாமேல், எனக்குத் தொண்டையைக் கொடுத்துத் திருப்பிக் கேட்கிற எல்லார்மேலும். கொஞ்ச நேரம் அழுதேன். எனக்கு ஒரு வயலின் இருக்கிறது, அதை நான் சரியாக வாசிப்பேன். அவருக்கு அதுவும் இல்லை. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அந்த இடத்திலேயே வந்து நின்றது. பேனையை எடுத்து அவர் பெயரை எழுதினேன், எழுத்து ஒன்றும் வடிவாக வரவில்லை. மனம் மாற முன்னம் அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பெட்டியோடு மயிலிட்டிக்கு நானே போனேன். பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன், படிவத்தின் பிரதியைக் காட்டினேன். தன் பெயரை அவர் இரண்டு தரம் வாசித்தார். வேண்டாம் என்று பெட்டியை என் பக்கமே தள்ளினார். திருவிழாவுக்கு நான் கேட்டு வாங்கிப் போவேன், அவருக்காகத் தந்தியை ஏற்றித்தான் திருப்பித் தருவேன் என்று சொன்னேன். பெட்டியைக் கையில் வாங்கினார். கீழே வைக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை, அப்படியே தூக்கிக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"அப்ப, ரீச்சர், யாழ்ப்பாணத்திலை ரெண்டாவது ஆள் இனி நீங்களோ?"

வாத்தியத்தை வைத்துக்கொள்ள ஊரெல்லாம் ஆள் தேடி, கடைசியில் ஆளை வைத்துக்கொண்டு வாத்தியத்தை விட்டவர்களுக்கென்று சங்கத்தில் ஒரு தனிப் பிரிவு இருந்தால், அதற்கும் இப்போதைக்கு நான் ஒருத்திதான் உறுப்பினர்.